தாய்மாமன் வரும்வரை

மணி அடித்தது. பயப்பட ஒன்றுமில்லை. கரு இருக்கும் தட்டு இன்குபேட்டரை விட்டு வெளியே வந்து இரண்டு நிமிடமானால் எங்கள் ஆய்வகத்தில் அது அடிக்கும். நான் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். விசாரணைக்காகக் கேமராவில் நீங்கள் பார்த்தது சரிதான்.

என் பெயர் ஜூட். சேலத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் பதினோரு வருடமாகக் கருக்களை வளர்க்கிறேன். என்னைக் கடுமையானவன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்று உள்ளே இருந்தது குமாரபாளையம் ரஞ்சனியின் கரு. ஆறில் ஐந்து ஏற்கெனவே வீணாகியிருந்தன. இது கடைசி. எட்டு செல்லாகப் பிரிந்து அழகாக இருந்தது. மறுநாள் கருப்பைக்குள் வைக்க வேண்டும். மாமியார் சுப்பம்மாள் மருமகள் காதுபடவே சொன்னார்: "இதும் தங்கலீன்னா எம்பையனுக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதானுங்க."

குடும்பம் கருவைப் பார்க்க ஆசைப்பட்டது. தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, வெளியே உள்ள டிவியில் காட்டினேன். சுப்பம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தாய்மாமன் பாக்காம நாங்க பாக்கறது மொறையில்லீங்க."

ரஞ்சனியின் அண்ணன் பச்சமுத்து போனில் வந்தார். "அயோத்தியாப்பட்டணம் வந்துட்டனுங்க அத்தை. வெறுங்கையோடயா வாரது? பழத்தட்டு வாங்கிட்டு வாரேன்."

அதுவரை கருவைத் திரும்ப இன்குபேட்டருக்குள் வைத்திருக்கலாம். ஆனால் டிவி அணைந்தால் அபசகுனம் என்றார் சுப்பம்மாள். பெரியவர்கள் மனதை நோகடிப்பது என் வழக்கமில்லை.

அறிவியல் எனக்குத் தெரியும். கல்லூரிகளில் பாடமே எடுத்திருக்கிறேன். கருப்பைக்குள் இருப்பதைப்போல் பல மடங்கு ஆக்சிஜன் வெளிக்காற்றில் இருக்கிறது. அது மிகுந்தால் கருவுக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகும். எலக்ட்ரான் ஒன்று குறைந்த முரட்டுத் துணுக்குகள் அவை. பக்கத்தில் இருப்பதிடம் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். சவ்வும் மரபணுவும் சிதையும்வரை நிற்காது. இரும்பில் துரு ஏறுவதைப் போன்றது. பெரிய கூட்டத்தின் நடுவே இதை விளக்குவது எனக்குப் பிடிக்கும். அன்றும் காத்திருந்த நேரத்தில் அவர்களுக்கு விளக்கினேன்.

ஐம்பது நிமிடம். மணியை இருபது தடவைக்கு மேல் நிறுத்தினேன். பச்சமுத்து வந்து, பழத்தட்டை டிவி முன் வைத்துப் பார்த்தார். "எங்கப்பனாட்டமே உருண்டையா இருக்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பொழுது அது.

மறுநாள் காலை செல்கள் கறுத்து நொறுங்கிக் கிடந்தன. சொல்லியிருந்தால் அந்தப் பெண் அங்கேயே உடைந்திருப்பாள். எனவே டாக்டரிடம் கரு நன்றாக இருக்கிறது என்றேன். கருவைக் கருப்பைக்குள் செலுத்தும் குழாயில் வெறும் ஊட்டத் திரவத்தை ஏற்றிக் கொடுத்தேன். ரஞ்சனி படுத்தபடியே என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். இரண்டு வாரம் நம்பிக்கையோடு இருந்தாள். அதை நான்தான் கொடுத்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று என் அறைக்கு வந்தாள்.

"ஒரே ஒரு நாள் மாடி ஏறிட்டனுங்க சார். அதுலதான் போயிருச்சுங்களா?"

எனக்கு மனம் இளகிவிட்டது.

"அழாதம்மா. நீ மாடி ஏறுனத உன் மாமியார்கிட்ட நான் சொல்லமாட்டேன்."