கழுத்தில் வைத்த குழாய்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பகல் வேளை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கூட்டேரிப்பட்டுக்குத் திரும்புகிறவர்கள்.

“உங்களுக்கு வலது கை மரத்துப்போவுதுன்னுதானே சொன்னோம். அந்த டாக்டரு இன்னாத்துக்குக் கழுத்துல குழாய வெச்சிக் கேக்கறாரு?” என்றாள் அவள்.

“உள்ள உஸ்ஸுன்னு சத்தம் வருதாம். மூளைக்கு ரத்தம் போற நரம்பு அடைச்சிக்கினு கீதாம். இடது பக்கம் அடைச்சா வலது கைதான் மரத்துப்போவுமாம்.”

“கழுத்து இன்னா சைக்கிள் டியூபா, உஸ்ஸுங்கறதுக்கு? அப்புறம் ரெண்டு நெத்திப்பொட்டையும் தொட்டுத் தொட்டுப் பாத்தாரே, அது இன்னாத்துக்கு?”

“இடது பொட்டுல துடிப்பு ஜாஸ்தியா கீதாம். உள்ள போவ வழியில்லாத ரத்தம் வெளிப்பக்கமா சுத்திக்கினு போவுதாம்.”

“துடிச்சா நல்லதுதானே. துடிக்கலன்னாதான் பயப்படணும். படிச்சிட்டு வந்து ஒரு மாசம் ஆவல, மெட்ராசுக்குப் போன்னு தொரத்தறாரு. அதுவும் கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கற நேரத்துல.”

அவர் இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “அப்பப்ப இடது கண்ணு இருட்டிக்கினு வருது. படுதா இறக்கனாப்புல கீது” என்றார்.

“இத டாக்டருகிட்ட சொன்னீங்களா?”

“அவரே கேட்டாரு, இப்பிடி ஆவுதான்னு. நீ பயந்துக்குவேன்னு இல்லன்னுட்டேன்.”

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் அவர் எழுந்தார். அவள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, கண்டக்டரிடம் கேட்டாள்:

“ஏம்பா, திண்டிவனத்துல மெட்ராஸ் பஸ்ஸு எங்க நிக்கும்?”