எண்ணாமல் வாழச் சொன்ன எங்கள் ‘மெதுவா அக்கா’வுக்கு

உண்ண அஞ்சி உருக்குலைந்தோர்க்கு உற்ற துணையே! ஓடி ஓடி ஓய்ந்த கால்களுக்கு ஓய்வின் இன்பத்தை உணர்த்திய உள்ளமே! வாய்க்கு வாய் ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லிச் சொல்லி அதையே பெயராகவும் பெற்றுவிட்ட எங்கள் இயன்முறை மருத்துவரே! பணிநிறைவு பெறும் தங்களுக்கு உணவுக் கோளாறு சிகிச்சைப் பிரிவினர் உளமார வழங்கும் மடல் இது. எழுதியவள் தலைமைச் செவிலி. ஆகவே பாராட்டோடு என் குற்ற ஒப்புதலும் கலந்தே வரும், பொறுத்தருள்க!

தாங்கள் வருமுன் இங்கே சட்டம் ஒன்றே ஒன்று: எடை ஏறும்வரை யாரும் அசையக் கூடாது. மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள் நானே. பூட்டினால் ஆயிற்றா? உண்ட ஒரு வாய்ச் சோற்றையும் கரைத்தாக வேண்டுமென்று பிள்ளைகள் குளியலறைக்குள் குதித்தார்கள்; போர்வைக்குள் காலை உதைத்தார்கள். தாங்களோ பழைய படுக்கை விரிப்புகள் குவிந்திருந்த அறையைக் கேட்டு வாங்கி, கண்ணாடி, கடிகாரம், எடைக்கருவி மூன்றையும் வெளியேற்றிப் பாய் விரித்தீர்கள். மருத்துவர் இதயத்துடிப்பைப் பார்த்துச் சரி சொன்னபின், உண்டு இளைப்பாறியபின், கொஞ்சமே கொஞ்சம் அசைவு. அங்கே எதையும் எண்ணக் கூடாது என்பது தங்கள் கட்டளை. “சாப்பிட்டதுக்கு இது தண்டனை இல்லம்மா. உன் உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளு” என்பீர்கள். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று முகம் சுளித்தவளும் நானே.

நம் சமையற்காரரின் மகள் இங்கே வந்து சேர்ந்ததை மறப்போமா! ஓட்டப்பந்தய வீராங்கனை; உட்காரவே மாட்டாள். உதட்டுக்குள் அடிகளை எண்ணியபடியே அறைக்குள் நடந்துகொண்டிருப்பாள். “ஊருக்கே ஆக்கிப் போடுறேன், என் பொண்ணு தட்டு மட்டும் போனபடியே திரும்பி வருதே” என்று அந்தப் பெரிய மனிதர் அடுப்படியில் நின்று அழுதார். தாங்கள் வாரக்கணக்கில் அவளுக்கு மூச்சுப் பயிற்சி மட்டுமே தந்தீர்கள். உடல் சற்றுத் தேறியதும், உட்கார்ந்தபடியே ஒரு துணிப்பந்து. எறிந்தாள், பிடித்தாள், தவறவிட்டாள், சிரித்தாள். அவள் உதடுகள் எண்ண மறந்திருந்தன.

நாடித்துடிப்பை எண்ணியே பழகிய என் வாய் சும்மா இருக்குமா? வாசலில் நின்றபடி, “அடேயப்பா, நூறு தடவை பிடிச்சிட்டியே!” என்று கைதட்டினேன். அவ்வளவுதான்! மறுநாள் நூற்றைம்பது வேண்டுமென்று விடியுமுன்னே பந்தோடு நின்றாள். மூன்று நாள் தட்டு மறுபடியும் அப்படியே திரும்பியது. நுணலும் தன் வாயால் கெடும். என் வாயால் கெட்டதோ ஒரு பிள்ளையின் தேறுதல். வெட்கத்தில் கூனிக் குறுகினேன்.

தாங்கள் என்னை ஒரு சொல்லாலும் கடியவில்லை. என்னை அவளுக்கு எதிரே பாயில் அமர்த்தி, “சிஸ்டர், நீங்களும் பிடிங்க. வாய் மட்டும் சும்மா இருக்கட்டும்” என்றீர்கள். நான் பிடித்ததைவிட விட்டதே மிகுதி. பந்து என் மூக்கில் மோதியதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, “அக்கா, பசிக்குது” என்றாள். சமையலறைக்கு ஓடிச் சொன்னவள் நானே; அப்பாவின் கைக்கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. அன்று அவள் உட்கார்ந்து உண்டாள், அப்பாவின் பக்கத்தில்.

எல்லோரும் இப்படித் தேறிவிடவில்லை. தேறத் திணறியோரின் கையையும் தாங்கள் விடவில்லை. அந்த மகள் இப்போது மாலைகளில் அப்பாவோடு நடக்கிறாள். கால் வலித்தால் நின்றுவிடுகிறாள்.

வழக்கப்படி இம்மடலில் தங்கள் பணியாண்டுகளைக் கணக்கிட்டுப் புகழ வேண்டும். அலுவலகத்தார் எண்ணைக் குறித்தும் கொடுத்தார்கள். நாங்கள் எழுதவில்லை. ‘நூறாண்டு வாழ்க’ என்று முடித்து வைத்திருந்தேன், படித்துப் பார்த்த சமையற்காரர் மகள், “மறுபடியும் நூறா, சிஸ்டர்?” என்று சிரித்தபடி அதை அடித்துவிட்டாள். ஆகவே அக்கா, பசித்தபோது உண்டு, களைத்தபோது அமர்ந்து, கால் விரும்பிய தூரம் நடந்து, எண்ணாமல் வாழ்க!

அன்பும் நன்றியும் மாறாத,
பிரிவின் செவிலியர், மருத்துவர்கள், சமையற்கூடத்தார்,
பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்ட அந்த மகள்.