எம்பி தங்குற ரூமு

இல்ல தம்பி, அந்தச் செருப்பு அவனோடதுதான். விலைச்சீட்டு ஒட்டியிருந்தா புதுசுன்னு அர்த்தம், அவ்வளவுதானே? பழசு பிஞ்சிருச்சு, தூக்கிப் போட்டேன்.

உள்ள வாங்க. கோட்டக் கழட்டாதீங்க, குளிரும். இந்த புக்காரெஸ்ட்ல எந்த வீட்டு ஹீட்டர் ஒழுங்கா வேல செய்யுது? நானே கோட்டோடதான் தூங்குறேன்.

இதான் என் மகன் ரெமுஸ் ரூமு. எம்பி ரூமுன்னு உங்க வாடகை விசாரணைப் பேப்பர்ல எழுதிக்குங்க.

ஆமா, பெத்தவதான் வீட்டு ஓனரு. ஏன், கூடாதா? வெளியூர் எம்பிக்குத் தலைநகர்ல வீடு இல்லேன்னா அரசாங்கம் வாடகை குடுக்குது. அவன் தூரத்துல வாஸ்லூய் ஊர்ல அவங்கப்பாகிட்ட வளந்தவன், அங்கேயே நின்னு ஜெயிச்சவன். இது என் ரெண்டாவது வீட்டுக்காரர் வச்சிட்டுப் போன வீடு. இதுல அவனுக்கு ஒரு செங்கல் சொந்தமில்ல. அப்ப வாடகைக்குத்தானே இருக்கணும்?

படுக்கையா? சுருக்கமே இல்லேன்னா, நான் விரிச்சது அப்பிடி. எங்கப்பா பட்டாளத்துக்காரரு. விரிப்புல சுருக்கம் இருந்தா அன்னிக்கு எங்களுக்குச் சோறு கிடையாது.

தினமும்தான் வர்றான். சபை முடிஞ்சு வருவான். முட்டைக்கோஸ் இலையில கறி சுருட்டி வச்சிருப்பேன், சாப்பிடுவான், படுப்பான். யாரு, எதுத்த வீட்டு டோரீனா பாத்ததே இல்லேன்னாளா? அவ என் குப்பைக்கூடையத் தவிர எதப் பாத்திருக்கா!

வாடகை என் பேர்லதான் பேங்குக்கு வருது. கார்டு அவன்கிட்ட இருக்கு. இருந்தா என்ன? எனக்கு ரொட்டி வாங்க பென்ஷன் இருக்கு.

நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆளாளுக்கு வாடகை குடுத்துட்டு அப்புறம் ஒவ்வொரு வீடா வந்து மெத்தையத் தடவிப் பாக்கறதுக்கு, பெரிசா ஒரு விடுதி கட்டி எல்லாரையும் அதுல போட்டா என்ன? கட்ட மாட்டாங்க. யாரு எப்ப வர்றா, யாரோட வர்றான்னு வாச்மேனுக்குத் தெரிஞ்சு போகும்ல! என் தங்கச்சி மக டீச்சரு. மலையில வேல போட்டாங்க. ஸ்கூல்ல விறகு அடுக்குற ரூம்லதான் படுத்துக் கெடந்தா. அவளுக்கு யாரு வாடகை குடுத்தா?

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா அவன் இங்க தங்கலேன்னு நான் ஒரு வார்த்த சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் தம்பி. வாங்குனதெல்லாம் திருப்பிக் கட்டணும், பதவி போகும், ஜெயில்னுகூட வக்கீல் சொன்னாரு. ஆமா, வக்கீல்தான் போன் பண்ணாரு. அவனுக்கு எங்க நேரம்?

அதனால இல்ல. உண்மையத்தான் சொல்றேன். இந்த வீட்லதான் தங்குறான். கையெழுத்து எங்க போடணும், இங்கயா? ஆச்சு. இந்தாங்க பேனா.

கெளம்பிட்டீங்களா? ஒரு நிமிஷம். நேத்து அவன் ஆபீசுக்குப் போனேன்னீங்களே, கை குடுக்க எந்திரிச்சு நின்னானா? இல்ல, டிவில எப்பவும் உக்காந்த மேனிக்கே காட்றாங்க. ஈஸ்டருக்கு முன்னாடி கால்ல ஆபரேஷன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு.

நடக்கும்போது நொண்டுறானா தம்பி?