எட்வர்ட் ராஜா தாடி

இல்ல சார், காசு பத்திரமா இருக்கு. குடுக்கிறேன், மொதல்ல உக்காருங்க. புக்கிட் காதில்லேர்ந்து இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்திருக்கீங்க. சாரதா, கருணாகரன் சார் வந்திருக்காரு, காப்பி போடும்மா.

தரம் எப்படின்னுதான கேக்கறீங்க? சொல்றேன். போன வாரம் நீங்க குடுத்துட்டுப் போனதும் வெளக்குக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சேன் பாருங்க, வெளிச்சம் அப்படியே ஒரு வட்டம் சுத்தி வந்துச்சு. அலாமா! எனக்கு வேர்த்துப் போச்சு. 1904-ல அடிச்ச ஒத்த வெள்ளிக் காசு. எட்வர்ட் ராஜா தாடியில ஒவ்வொரு முடியும் தனித்தனியா நிக்குது. காசு தேயறப்ப மேடான எடந்தான் சார் மொதல்ல போகும். தாடி, புருவம், கிரீடத்து முத்து. இதுல ஒண்ணும் போகல. அதவிட, மேல படிஞ்சிருந்த அந்தக் கருப்பு! ஓரத்துல லேசா நீலம், உள்ள போகப்போகச் சாம்பல். அது அழுக்கு இல்ல. உங்க தாத்தா பெட்டிக்குள்ள யார் கையும் படாம, தானா ஏறின நெறம். அது இருந்தாத்தான் அசல் மேனி. தேச்சாப் போச்சு, அப்புறம் தலகீழா நின்னாலும் திரும்பாது.

நானா? நான் என்ன பெரிய இவனா? தபாலாபீசுல முத்திர குத்துற கிராணி. ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன், பைத்தியம் பிடிச்சிருச்சு, அவ்வளவுதான். இந்தக் காஜா பெராங் ஊர் முழுக்க எனக்குப் பேரு பூதக்கண்ணாடி பொன்னையா. கோயில்ல தீபாராதனத் தட்ட நீட்டினா எல்லாரும் கண்ணுல ஒத்திக்குவாங்க. நான் தட்டுல கெடக்கிற காசப் பொரட்டிப் பாப்பேன். பூசாரி ஒரு நாள் தட்ட வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு, எனக்கு மட்டும் திருநீறு குடுக்காமப் போயிட்டாரு. சொதந்திரம் கெடச்ச மெர்டேக்கா அன்னிக்கு ஊரே கொடியப் பாத்து அழுவுது. கூட வேல பாக்குற சேதுபதி ஓடிவந்து கட்டிப் பிடிக்கிறான். நான் அவன் சட்டப்பையில என்ன கிலுங்குது, காட்டுன்னேன். இதெல்லாம் ஒரு பொழப்பா?

சாரதா ஒருதரம் என் காசு ஒண்ண முந்தானையால தொடச்சுட்டா. துணி பட்டா மேல இழை இழையாக் கோடு விழும் சார், கண்ணாடி வச்சாத் தெரியும். நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு நல்லையா, திருடன்னு நெனச்சுக் கம்போட ஓடிவந்துட்டான். அன்னிக்கு முழுக்க நான் சோறு திங்கல. கோவத்துல திங்கலன்னு வெளிய சொல்லிக்கிட்டேன். அவ ஒல வைக்கல, அதான் உண்ம.

ம்? தெரியும் சார். சனிக்கெழம தோட்டத்துத் தொர சீமைக்குக் கப்பலேறுறாரு. மேனி கெடாம இருந்தா இந்தக் காச வெல குடுத்து எடுத்துக்கிறேன்னாரு. அந்தப் பணத்த வச்சுத்தான் உங்க தங்கச்சிய நர்சு படிப்புக்கு அனுப்பணும். மறக்கல. அதனாலதான் சார் சாமித்தட்டுல வச்சேன். அடுத்தவங்க பொருளு கைக்கு வந்தா அங்க வைக்கிறது என் பழக்கம். சாமி பாத்துக்கும்னு நெனப்பு. கையில பூதக்கண்ணாடி இருக்கு, மண்டையில ஒண்ணும் இல்ல.

இந்தாங்க. பிரிங்க.

ம். பளபளன்னுதான் இருக்கு. புளியும் சாம்பலும்.

சார், சார், மெதுவா. அவ அடுப்படியில இருக்கா.

போன வருஷம் எங்க பொண்ணு கோகிலா காய்ச்சல்ல போனாள்ல, அதுலேர்ந்து சாரதா எந்திரிக்கல சார். பாயிலயே கெடந்தா. நான்தான் கஞ்சி வச்சு ஊட்டினேன். தீபாவளிக்கு மொத நாள் செத்தவங்களுக்குப் படைக்கணுமில்ல? முந்தாநாள் காலையில, கோகிலாவுக்குப் படைக்கணும்டின்னு சொன்னேன். எந்திரிச்சா. தலைய முடிஞ்சா. குத்துவெளக்கு, மணி, செம்பு, சாமித்தட்டுல கெடந்தது மொத்தத்தையும் வாரிக்கிட்டுக் கெணத்தடிக்குப் போயிட்டா.

காசு நெனப்பு வந்து பின்னாலேயே ஓடினேன். ராஜா மூஞ்சியில புளிய அப்பித் தேச்சுக்கிட்டிருக்கா. பாதித் தாடிதான் வெளுத்திருந்துச்சு. மறுபக்கம் அப்படியே கருப்பாத்தான் இருந்துச்சு சார், சத்தியமா. ஒரு அதட்டுப் போட்டிருந்தா நிறுத்தியிருப்பா. வாயத் தொறந்துட்டேன். அப்பத்தான் கேட்டுச்சு, அவ என்னமோ முணுமுணுக்கிறா. பாட்டு. புள்ளையக் குளிப்பாட்டுறப்ப பாடுவா அத. ஒரு வருஷமா அவ வாயிலேர்ந்து ஒத்த வார்த்த வரல சார்.

காசத் திருப்பினா. மறுபக்கமும் தேச்சா. நான் பக்கத்துல நின்னு தண்ணி எறைச்சு ஊத்தினேன்.

இந்த டப்பாவத் தொரகிட்ட காட்டுங்க. விக்டோரியா ராணி அம்பது காசு, தொட்டுப் பாக்காத மேனி. என்கிட்ட இருக்கிறதுல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அவரு விடமாட்டாரு. வேணாம்னு சொல்லாதீங்க, நான் மனசு மாறித் தொலைவேன், எடுத்துக்கங்க.

வர்றா, காப்பி கொண்டாறா. சார் காசு வாங்கிக்கிட்டாரா, புடிச்சிருந்துச்சாமான்னு நேத்துலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கா. நல்லா வெளுத்திருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க சார்.