முப்பத்தெட்டாம் குழி

எலும்பைக் கழுவ வெந்நீர் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீர், பல் தேய்க்கும் பிரஷ், நிறையப் பொறுமை இருந்தால் போதும். பொறுமை எனக்குக் கிடையாது. அதனால்தான் அந்த வேலைக்கு அக்காவை வைத்துக்கொண்டோம்.

கூடப் பிறந்த அக்கா அல்ல. எங்கள் அகழாய்வுக் குழுவில் எல்லோருக்கும் அவள் அக்கா. ஐம்பத்தாறு வயது, பங்குக் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. கோயிலின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் கூடம் கட்டப் போகிறார்கள். அதற்கு முன் அங்கே புதைந்திருப்பவர்களை முறையாக எடுத்து, அளந்து, வயதும் காலமும் எழுதி, எல்லோரையும் ஒரே குழியில் மறுபடி அடக்கம் செய்ய எங்களுக்கு ஆறு வாரம் கொடுத்திருந்தார்கள். குழுவின் தலைவன் நான்.

அக்கா எலும்புகளிடம் முறை வைத்துப் பேசுவாள். செத்தபோது என்ன வயது என்று எங்களிடம் கேட்டுக்கொண்டு, "வாங்க பெரியப்பா, குளிக்கலாம்" என்பாள். பல் போன தாடையைப் பார்த்தால், "வாயாடி வாயாடியே எல்லாம் கொட்டிப்போச்சா?" என்பாள். நாங்கள் சிரிப்போம்.

அவள் கணவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடது தொடை முறிந்ததில், ஆறு திருகாணி போட்டு இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் கடைக்குப் போனவர் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. இதை ஒரு நாள் டீ குடிக்கும்போது அவளே சொன்னாள்.

"எவளோடயோ ஓடிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. அவரு அண்ணனே என்னை வாசப்படி ஏத்தல. என் பொண்ணைப் பார்க்க வந்தவங்களும் அதைச் சொல்லித்தான் எழுந்து போனாங்க. நொண்டிக்கிட்டு ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் ஓடியிருப்பாரு, நீங்களே சொல்லுங்க."

அப்போது எனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

நான்காம் வாரம், எல்லோரும் மதியம் சாப்பிடப் போயிருந்தார்கள். முப்பத்தெட்டாம் குழியில் நான் மட்டும் இருந்தேன். பழைய மண் இறுகிக் கிடக்கும். இது கலைந்து பொலபொலவென்று வந்தது. பழைய அடக்கத்துக்கு மேலே யாரோ பின்னாளில் தோண்டியிருந்தார்கள். சவப்பெட்டி இல்லை. ஆள் குப்புறக் கிடந்தார். மண்டையோட்டின் பின்பக்கம் உள்வாங்கியிருந்தது. இடது தொடையில் தகடு. திருகாணிகளை இரண்டு தடவை எண்ணினேன்.

இப்படி ஏதாவது கிடைத்தால் கையை எடுத்துவிட்டு உடனே போலீசுக்கு, அதாவது உங்களுக்கு, தகவல் சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் விதி அது. சொன்னால் தோட்டத்தை மூடிவிடுவீர்கள், மிச்சமிருக்கும் இரண்டு வாரமும் போய்விடும். அடுத்த வரிசையில்தான் கோயில் கட்டுவதற்கும் முந்தைய அடக்கங்கள் இருந்தன. இருக்கின்றன என்று பதினெட்டு வருஷமாக எழுதி, கேலிப் பேச்சு வாங்கியவன் நான். இரண்டு வாரம் கழித்துச் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். திருகாணிகளைக் கழற்றும்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தகடு, பெல்ட் கொக்கி, ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். பழக்க தோஷம், பையின் மேல் குழி எண்ணையும் தேதியையும் எழுதினேன். ஏன் எறியவில்லை என்று கேட்டீர்கள். தோண்டி எடுத்ததை எறிய எங்களுக்குக் கை வராது. என் இழுப்பறையில் நீங்கள் எடுத்தது அந்தப் பையைத்தான். படிவத்தில், ஆண், வயது முப்பத்தாறு அளவில், இருநூறு ஆண்டுப் பழமை, மண்டையோட்டு உடைவு மண்ணின் அழுத்தத்தால் என்று எழுதினேன்.

அவரை நானே கழுவியிருக்கலாம். வழக்கமில்லாத வழக்கமாக நான் தொட்டியில் கைவைத்தால் கண்ணை உறுத்தும். அதனால் அக்காவிடம் கொடுத்தேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

"இவருக்கு என்ன வயசு?"

"முப்பத்தாறு இருக்கும்க்கா."

"என்னைவிட எவ்வளவு சின்னவரு! வாப்பா தம்பி, உன்னைக் குளிப்பாட்டி விடறேன்."

தொடை எலும்பு வந்ததும் அவள் பிரஷ் நின்றது. துளைகளை விரலால் தடவினாள்.

"இதென்ன ஓட்டை?"

"வேர் துளைச்சது."

"வேர் இவ்வளவு நேரா வரிசையாப் போகுமா?"

"சில சமயம் போகும்."

"எங்க வீட்டுக்காரருக்கும் இடது கால்தான்."

"இவர் செத்து இருநூறு வருஷமாச்சுக்கா."

"அப்ப சரி. படிச்சவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லி, மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். அன்றிலிருந்து அவள் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருந்தது; ஆனாலும் தினமும் விழித்தேன்.

அடுத்த வரிசை கிடைத்தது. நான் எழுதியது சரியாக இருந்தது, எல்லோரும் கைகுலுக்கினார்கள். இரண்டு வாரம் முடிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேரையும் பெட்டியிலிருந்து கொட்டி ஒரே குழியில் சேர்த்தோம். இனி அவரை முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது, என்னாலும் முடியாது. அடித்தது யார் என்று அந்த மண்டையோடு சொல்லியிருக்கலாம். அதுவும் அங்கேதான் கிடக்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடக்கத்தன்று பங்குத்தந்தை ஜெபம் சொல்லி முடித்ததும், முதல் பிடி மண்ணைப் போடச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டது நான்தான். ஒரு மனைவிக்குச் சேர வேண்டியதை நான் குறைவில்லாமல் செய்திருக்கிறேன்.