மூன்று தட்டு

காலை ஐந்தே முக்கால் மணி. ஜூலைக் குளிர். நாணலுக்குள் நீர்யானைகள் நடந்து நடந்து உண்டாக்கிய வழி ஒன்று... நமக்கு அதுதானே சாலை. அதன் வாயில் ஒரே ஒரு படகு.

யாரும் பயந்துபோய் என் பக்கம் நகராதீர்கள். நானே காபோவை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இது நடந்தது அவனுடைய தாய்மாமன் மொலேபிக்கு.

நம் படகுத்துறையின் வழக்கம்தான். வழிக்குள் நுழையுமுன் தள்ளுகழியால் படகின் விலாவில் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவன் பதில் தட்டுவான். ஒன்று என்றால், வா. மூன்று என்றால், வராதே, நீர்யானை நிற்கிறது. பதிலே இல்லையென்றால் வழி காலி.

அதற்கு முந்தைய வருஷம், இதே வெள்ளக் காலத்தில், மொலேபி மாமா இரண்டு வெளிநாட்டுக்காரர்களோடு அந்த வழிக்குள் இருந்தார். கிளையில் மீன் ஆந்தை. வெளியே திரோ தட்டினார்... முப்பது வருஷச் சிநேகிதர். தண்ணீரில் நீர்யானையின் காதுகளை மாமா பார்த்துவிட்டார். மூன்று தட்டக் கழியைத் தூக்கினார். வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் உதட்டில் விரல் வைத்தார்: ஆந்தை பறந்துவிடும். மாமா கழியை இறக்கிவிட்டார்.

திரோ உள்ளே வந்தார்.

துறையில் கடைசி மரப்படகு அவருடையது. இரண்டு துண்டாகக் கிடந்தது. துக்க வீட்டில் அதை எரித்துத்தான் தேநீர் போட்டார்கள். நானும் இரண்டு கோப்பை குடித்தேன். மூன்று கரண்டி சர்க்கரை வேறு கேட்டு வாங்கினேன். என் லட்சணம் அது.

சரி... அந்த ஜூலைக் காலை. படகில் திரோவின் மகள் மசேகோ. பிரசவ வலி. அக்கரையில் வண்டி காத்திருந்தது.

"மாமா, தூங்கிட்டே தள்றியா? சீக்கிரம் போனா பிள்ளைக்கு உன் பேரு வெக்கறேன்."

"வேணாம்மா. பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு?"

மாமா தட்டினார். பிளாஸ்டிக் படகு. டக்.

தவளைகள்கூட நின்றுவிட்டன...

தொம். தொம். தொம்.

மரத்தின் சத்தம். கூடவே, குளிர்ந்த தண்ணீர் மேல், விறகுப் புகை வாசனை.

மசேகோ வலியை மறந்து தலையைத் தூக்கினாள். "அப்பா படகு மாதிரி..."

மாமா படகைத் திருப்பினார். சுற்று வழி, இரண்டு மணி நேரம். வண்டியிலேயே பெண் குழந்தை பிறந்தது. நல்ல தொண்டை. மத்தியானம் மீன் பிடிக்கப் போனவர்கள் வந்து சொன்னார்கள்: வழியின் நட்டநடுவில் குட்டியோடு ஒரு நீர்யானை, காலையிலிருந்தே நிற்கிறதாம்.

சாயங்காலம் மாமா தனியாகத் திரும்பினார். திரோவுக்குப் பிடித்த மூக்குப்பொடி ஒரு பொட்டலம் மடியில். நன்றி சொல்லவேண்டும் அல்லவா? வழியின் வாயில் நின்று தட்டினார்.

தொம்.

ஒன்று.

பொட்டலத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தவர், அதன்பிறகு கழியைத் தொடவில்லை. தண்ணீரிலிருந்து நாலு மைல் தள்ளிக் குடிசை போட்டார். மாவு உருண்டை பொரித்து விற்றார். கல் மாதிரி இருக்கும். பாசத்தில் தினமும் வாங்கி நாய்க்குப் போட்டேன். நாய் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது.

போன வருஷம் வெள்ளம் வந்த மறுநாள், மாமா என்னிடம் வந்தார். "படகு சும்மா இருக்காடா?"

"ஓட்டை மாமா," என்றேன். பொய்.

"நாலு மைல் தாண்டியும் கேக்குதுடா. ராத்திரி பூரா ஒரே ஒரு தட்டு. அன்னிக்குத்தான் பதில் சொல்லாம விட்டேன்... இன்னும் எத்தன நாளு?"

பயந்து, படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து படுத்தேன். மாமாவோடு போய்ப் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை.

விடிந்ததும் ஓடினேன். படகு கவிழ்த்தபடியே கிடந்தது. கழியைக் காணோம். ஈர மணலில் மாமாவின் காலடி, தண்ணீர்வரை. அங்கே ஒரு படகு வந்து ஒதுங்கிய தடம்.

தடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன்.

கரி.