வயித்தெரிச்சக் காடு

“செல்லாத்தா காட்டுல ஒத்த ஆடு மேயலையாமா. அதுக்குப் போயி ஊரே அவளுக்குக் கம்பு அளக்குதாமா.”

கெணத்து மேட்டுல ஆரோ ஆருகிட்டயோ சொன்னது. தண்ணி சேந்திட்டிருந்த பாவாயி காதுல விழுந்துபோச்சு.

இது ரொம்ப முந்தின காலமுங்க. தாராபுரத்துக்குத் தெக்க, மழை எட்டிப் பாக்காத ஒரு மேச்சக்காட்டு ஊரு. பஞ்சத்துல மாடு கன்னு சாவுதுன்னு ஊரு கூடி ஒரு ரோசனை பண்ணுச்சாம். வீட்டுக்கு வீடு கம்பு போட்டுப் பொதுவுல ஒரு தானியக் குதிரு நெரப்பறது. ஒரு காட்டை மேய உடாம அடைச்சுப் புல்லு வளக்கறது. காட்டுக்காரிக்குக் குதிருல இருந்து கூலி. பஞ்சம் வந்தா அந்தப் புல்லு ஊரு மாட்டுக்கெல்லாம். அப்படி அடைச்சது செல்லாத்தா காடு. அவ பாவாயிக்கு ஓரகத்தி, மூத்தவன் பொண்டாட்டி. ரெண்டு பேரு காட்டுக்கும் நடுவுல ஒரு கிளுவை வேலிதான்.

“சும்மா கெடக்கறதுக்குக் கூலியா? என்ற காடுந்தான் சும்மா கெடக்குது”ன்னாளாம் பாவாயி.

“உன்றது மொட்டையா கெடக்குது புள்ள. அது வேற”ன்னானாம் புருசன்.

சோறு எறங்கலையாம். கண்ணைத் தொறந்தா அவ புல்லு, மூடுனாலும் அவ புல்லு. ஊரே நோம்பிக்குப் போயிருந்த ஒரு பகல்ல, செல்லாத்தா காட்டுப் படலைத் தொறந்து தன் செம்மறியாட்டை உள்ள உட்டுட்டா. ஆடு புல்லைத் தின்னுச்சு. உதுந்து கெடந்த வெள்வேலங்காயையும் தின்னுச்சு. ஓட்டியாந்து தன் காட்டுப் பட்டியில அடைச்சுட்டா. பாத்தவங்க ஆருமில்லை.

மழை பேஞ்சுது. பாவாயி காட்டுல, பட்டி போட்டிருந்த எடம் பூரா வெள்வேலங்கன்னு. அந்த மரம் செல்லாத்தா காட்டைத் தவிர ஊருல எங்கயும் கெடையாது. புழுக்கையில வந்த வெதை காட்டிக் குடுத்துருச்சு.

பாவாயி குத்தவெச்சு அவசர அவசரமாப் புடுங்கறா. வேலிக்கு அந்தப் பக்கம் செல்லாத்தா நிக்கறா.

“புடுங்காத பாவாயி. என்ற காட்டைவிட நல்லா மொளைச்சிருக்குது.”

கை நின்னுபோச்சாம். “நெசமாவாக்கா?”

அன்னைக்கே ஆட்டைப் பொறந்த ஊட்டுக்கு ஓட்டிவிட்டா. முள்ளு வெட்டித் தன் காட்டை அடைச்சா.

“உன்னை ஆரு அடைக்கச் சொன்னது?”ன்னாராம் ஊரு நியாயம் பேசற கொத்துக்காரர்.

“அவ புல்லைவிட என்ற புல்லு ஒசரமா வளரோணுங்க.”

கொத்துக்காரர் சிரிச்சுட்டாராம். “திருடி மேச்சதுக்கு மாரியாத்தா கோயலுக்கு ஒரு கெடா குடுத்துரு. அடைச்சதுக்குக் கம்பு வாங்கிக்க.”

அதுதானுங்க வயித்தெரிச்சக் காடு. கம்பு அளக்கற அன்னைக்கு அந்தக் காட்டுக்காரங்க பக்கத்துக் கம்புக் குமியில கை வெச்சாலும், இன்னைக்கும் ஆரும் தடுக்கறதில்லை.

மொதல் வருசம் ரெண்டு பேருக்கும் ஒரே அளவாத்தான் அளந்தாங்களாம். பாவாயி ரெண்டு குமியையும் மாறி மாறிப் பாத்தா. அப்பறம் எந்திரிச்சுப் போயி, எல்லாரு முன்னாடியும், செல்லாத்தா குமியில ஒரு கை அள்ளித் தன் குமி மேல போட்டா.